அரை டிக்கெட் வயசு

பொன்னிச் சோலைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பூச்செடியை அல்ல, ராட்டினத்தையும் அல்ல. என் தலைக்கு மேலே தொங்குகிற விதிப்பலகையைத்தான். வெளிச்சோறு உள்ளே வரக்கூடாது. ஒரு காட்டேஜில் நாலு பேருக்கு மேல் தங்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ரேட் தனி. பத்து வயது முடியாத பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். கடைசியில் சிவப்பு எழுத்தில், 'வயதை மறைப்பவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.' விருந்தாளியை வாசலிலேயே திருடன் என்று சொல்லி வரவேற்கிற வீடு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் பெங்களூர் முதலாளி ஒருவர் இந்தத் தோட்டத்தைப் போட்டு அந்த எண்பத்தாறாம் வருஷத்தோடு இரண்டு கோடை ஆகியிருந்தது. சின்னப் பிள்ளைகள் போகிற ரயில், ராட்டினம், சறுக்கு மேடை, வரிசையாகக் காட்டேஜ், நடுவிலே சிமெண்டால் கட்டி மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்ட அருவி. இன்னும் கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் காவேரியே சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு சிமெண்ட் அருவிக்குக் காசு கொடுத்து வருகிற ஜனங்களை என்ன சொல்ல? அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துத்தான் மாதம்மாளாகிய நான் சோறு தின்கிறேன். அதனால் ஒன்றும் சொல்வதில்லை.

ஏமாற்றாதவர்கள் யார் வந்தார்கள்? தாவணி போடுகிற பெண்ணுக்கு அன்றைக்கு மட்டும் கவுன் மாட்டி அழைத்து வருவார்கள். மீசை அரும்பின பையன் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இருமுவான். புளிச்சோற்றுத் தூக்கு ஜமக்காளத்துக்குள் தூங்கும். காட்டேஜுக்கு ஐந்தாவது ஆளாக வருகிற மச்சான், வாயில் கேட்டில் டிரைவராகி விடுவார். கார் எங்கே என்று கேட்டால் ரிப்பேர்.

என்னைக் கேட்டால் அதில் பாவம் ஒன்றுமில்லை. இங்கே ஒரு டீக்கு வைத்திருக்கிற விலையைப் பார்த்தால் புளிச்சோறு கடத்துகிறவனுக்கு மாலை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அருவி அதிகமாகவா கொட்டுகிறது? முதலாளி பலகை எழுதி ஏமாற்றுகிறார், ஜனங்கள் பலகையைப் படித்துவிட்டு ஏமாற்றுகிறார்கள். கணக்கு நேராகிவிடும். ஆகவே தாவணிப் பெண் கவுனில் வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அரை டிக்கெட்தான் கிழிப்பேன்.

மேனேஜர் சவுரியப்பன் அப்படி இல்லை. அவர் முன்னே தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் தூக்கி நிறுத்தி அளந்து பார்த்தே பழகின கண். அதோடு போன மாதம் முதலாளியின் மச்சினர் திடீரென்று சோதனைக்கு வந்தார். காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் அரை டிக்கெட்டில் ராட்டினம் சுற்றுவதைப் பிடித்துவிட்டார். எல்லார் முன்னாலும் சவுரியப்பனைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி நடந்தா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு" என்றார். அந்த வேலையை நம்பித்தான் அவருடைய வீடு ஓடியது. அன்றிலிருந்து மனுஷன் பால் குடிக்கிற பிள்ளையைக்கூட பல் எண்ணிப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்களே, எங்கள் வாசல் அந்தப் பனைமரத்தடி ஆகிவிட்டது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அப்பா, அம்மா, ஒரு பெண் பிள்ளை. மாரண்டஹள்ளிப் பக்கம், தக்காளி போடுகிற குடும்பம். பெயர் மதலைமுத்து என்று சொல்லித்தான் காட்டேஜ் கேட்டார். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. அந்த அம்மாள் லூர்தம்மாள் ஒயர் கூடையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கூடைக்குள் என்னமோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ரெண்டு முழு, ஒரு அரைங்க" என்றார் மதலைமுத்து.

நான் பிள்ளையைப் பார்த்தேன். அப்பனைப் போலவே நெடுநெடுவென்று ஒல்லி. என் ஜன்னல் கட்டைக்கு மேலே முகம் முழுசாகத் தெரிந்தது. பதினொன்றுக்குக் குறையாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, போகட்டும் என்று அரை டிக்கெட் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து சவுரியப்பனின் குரல் வந்தது.

"இரு மாதம்மா. பாப்பாவுக்கு வயசு என்னாங்க?"

"ஒம்போதுங்க. மார்கழி வந்தாத்தான் பத்து முடியுது."

"இங்க வர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும் அப்படித்தாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பத்து முடிஞ்சிடும். போன வருசம் வந்தப்பவும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது."

"நாங்க போன வருசம் வரலீங்களே" என்றார் மதலைமுத்து, கிண்டல் புரியாமல். "எங்க ஒசரத்துக்கு வளந்துட்டா, அவ்வளவுதான். இல்லாத வயச எப்படிங்க சொல்றது? நெசமாத்தான் சொல்றன்."

"எல்லாரும் நெசமாத்தான் சொல்றாங்க."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து வேனில் வந்தவர்கள். அவர்களிலும் இரண்டு பேர் கவுனில் இருந்த தாவணிகள். தங்களுக்கு முன்னால் ஒருத்தர் மாட்டிக்கொண்டதில் அவர்களுக்குச் சந்தோஷம்.

மதலைமுத்து அசையவில்லை. கோபமும் படவில்லை. ஒன்பது என்றால் ஒன்பதுதான் என்று நின்றார். மனுஷன் தைரியமாகப் பொய் சொல்கிறார், கெட்டிக்காரர்தான் என்று நான்கூட மெச்சிக்கொண்டேன். சவுரியப்பன் பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பிள்ளையின் கழுத்தில் ஒரு கயிறும் அதில் கோத்த சின்னத் துணித் துண்டும் தெரிந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். சவுரியப்பனும் அவர்களைப் போல வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். எனக்குக் கயிறாகத் தெரிந்தது அவருக்கு வேறாகத் தெரிந்தது.

"பேரென்ன கண்ணு?"

"ராஜமேரி."

"உத்தரியம் போட்டிருக்கற. புது நன்மை வாங்கிட்டியா?"

"வாங்கிட்டன் சார்" என்றது பிள்ளை. முகமெல்லாம் பெருமை.

சவுரியப்பன் எழுந்து நின்றார். அவருடைய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு. "மாதம்மா, நீ வேத்து ஆளு, உனக்குத் தெரியாது. புது நன்மைங்கறது எங்கள்ல முதல் முதலா சாமியார் கையால அப்பம் வாங்கறது. ஞானோபதேசம் படிச்சி, ஜெபமெல்லாம் மனப்பாடமா ஒப்பிச்சி, வெள்ளக் கவுனும் பூ முடியும் வெச்சி வரிசையா நிக்க வெச்சிக் குடுப்பாங்க. அப்பத்தான் இந்த உத்தரியமும் போடுவாங்க. பத்து வயசு முடியாம குடுக்கறதில்ல. எங்க கோயில்லயும் இல்ல, இவுங்க கோயில்லயும் இல்ல. மாரண்டஹள்ளியில எங்க அக்கா வூடு இருக்குது, எனக்குத் தெரியாதா?" அப்புறம் மதலைமுத்துவின் பக்கம் திரும்பினார். "என்னாங்க? நான் சொல்றது சரிதானுங்களா?"

மதலைமுத்துவின் முகம் மாறிவிட்டது. அதுவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே பார்த்தார். அந்த அம்மாள் பிள்ளையின் தோளைப் பிடித்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று வேன்காரர்கள் கிசுகிசுத்தார்கள்.

பிள்ளைதான் பேசியது. "பத்து முடியல சார். எனக்கு மட்டும் முன்னாடியே குடுத்தாங்க. நான் ஜெபமெல்லாம் நல்லா சொல்றன்னுட்டு சாமியாரு எங்க வூட்டுக்கே வந்து..."

"வூட்டுக்கா?" என்றார் சவுரியப்பன். "வூட்டுக்கு வந்து யாருக்கு கண்ணு புது நன்மை குடுப்பாங்க? நல்லா யோசிச்சி சொல்லு. நீ எங்க நின்ன? கூட யாரெல்லாம் இருந்தாங்க?"

"நான் நிக்கல சார். கட்டில்ல..."

"பத்து முடிஞ்சிடுச்சிங்க" என்றார் மதலைமுத்து. சத்தமாகச் சொன்னார். பிள்ளையின் பேச்சு அதில் அமுங்கிப்போயிற்று. "போன மார்கழியிலயே முடிஞ்சிடுச்சி. முழு டிக்கெட்டே குடுங்க."

"அப்பா?" என்றது பிள்ளை.

"அப்ப இவ்வளவு நேரம் சொன்னது?" என்றார் சவுரியப்பன்.

"பொய்தாங்க."

சவுரியப்பன் விரலைத் தூக்கிப் பலகையின் சிவப்பு எழுத்தைக் காட்டினார். "அதப் படிங்க. முழு டிக்கெட் வாங்கினா ஆச்சுன்னு நெனச்சீங்களா? உங்கள உள்ளயே விடக்கூடாது. பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்."

அப்போதுதான் மதலைமுத்து கை கூப்பினார். "புள்ள ரொம்ப நாளா ரயிலு ரயிலுன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. இன்னொரு நா கூட்டிக்கிட்டு வர முடியுமோ என்னமோ. எங்கள வெளிய நிறுத்தினாலும் பரவால்ல, அவள மட்டுமாவது உள்ள விடுங்க."

சவுரியப்பனுக்கு ஜெயித்த சந்தோஷத்தில் மனசு இளகிவிட்டது. ஆனால் சும்மா இளகுகிற மனசு இல்லை அது. "சரி. வேதக்காரரா போயிட்டீங்க. உங்க புள்ள காதுல விழற மாதிரி, நான் பொய் சொன்னன், அது தப்புன்னு சொல்லிட்டு உள்ள போங்க."

"நான் பொய் சொன்னன். தப்புதான்" என்றார் மதலைமுத்து, பிள்ளையைப் பார்த்து.

வேன்காரர்கள் சிரித்தார்கள். நான் மூன்று முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். உள்ளே போகும்போது அந்தப் பிள்ளை அப்பனின் கையை உதறிவிட்டு அம்மாளின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது.

மத்தியானம்வரை சவுரியப்பனின் கால் தரையில் பாவவில்லை. டீ குடிக்கும்போதும் இதே பேச்சு. "கண்டக்டர் கண்ணுகிட்டயா? வேதத்துல இருந்துக்கிட்டே புள்ள முன்னாடி பொய் சொல்றான் பாரு. அந்த அம்மா புள்ள தோளப் புடிச்சத பாத்தியா? மடியில கனமிருந்தாத்தான மாதம்மா வழியில பயம்? இதோட வுடறதில்ல. இன்னும் என்னமோ இருக்குது அவுங்ககிட்ட."

எனக்கும் என்னமோ இருக்கிறது என்றுதான் பட்டது. அவர்கள் செய்ததெல்லாம் விசித்திரமாக இருந்தது. பிள்ளை ராட்டினத்தைப் பார்த்து ஆசையாக நின்றது. முழு டிக்கெட் வாங்கியிருந்தும் ஏற விடவில்லை. சறுக்கு மேடையின் பக்கமே விடவில்லை. காட்டேஜுக்கு ஏறுகிற படிக்கட்டில் மதலைமுத்து அந்த நெடும்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் தோளில் கிடந்தது.

"பத்து வயசுப் புள்ளைய எவனாவது தூக்குவானா?" என்றார் சவுரியப்பன். "நடிப்பு. சின்னப் புள்ளன்னு நம்ம கண்ணுக்குக் காட்டறாங்களாம். மச்சினரு வந்தா அவருகிட்ட நம்மள மாட்டிவுட்டு, காச திருப்பிக் கேக்கறதுக்கு."

அப்படியும் இருக்கலாம் என்று தலையாட்டினேன். இந்த வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து என் புத்தியும் அவர் புத்தி மாதிரியே ஆகிவிட்டது போல.

வெயில் தாழ்ந்தபோது லூர்தம்மாள் மட்டும் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் என்று பெயர்தான், என் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கூரை. அப்பாவும் பிள்ளையும் ரயிலில் போயிருந்தார்கள். அந்த அம்மாள் ஒயர் கூடைக்குள் கையை விட்டு ஒரு தூக்கை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள். நான் காலையிலேயே நினைத்தேன் அல்லவா? ஆனால் நான் பார்த்ததைவிட முந்தி சவுரியப்பன் பார்த்துவிட்டார். ஒரே நடையில் போய்த் தூக்கைப் பிடுங்கி, அவளையும் அழைத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"காலையில வயசு. இப்ப வெளிச்சோறு. பலகைய ஒரு எழுத்தாவது மதிக்கறீங்களா நீங்க?" தூக்கைச் சாய்த்து எனக்குக் காட்டினார். வெறும் கஞ்சி. புளிச்சோறு கடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கோழி வறுவல் கடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி கடத்துகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாங்க ரெண்டு பேரும் உங்க ஓட்டல்லதாங்க தின்னோம்" என்றாள் லூர்தம்மாள். "இது அவளுக்கு மட்டும். உப்பு போடாதது. அவளுக்கு உப்பு ஆவாது."

"உப்பு ஏன் ஆவாது? சின்னப் புள்ளைக்கு என்னா ரத்தக் கொதிப்பா?"

அந்த அம்மாள் ரயில் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். அது வளைவில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை முன் பெட்டியிலும் அப்பா பின் பெட்டியிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ வர்றதுக்குள்ள சொல்லிடறன்" என்றாள். "நீங்க இதோட வுடமாட்டீங்க, மறுபடியும் அவகிட்ட போயி கேப்பீங்க. அவளுக்கு இருதயத்துல கோளாறுங்க. தவக்காலத்துல மூச்சு முட்டிப் படுத்துட்டா. ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு தாங்காது, வூட்டுக்குக் கொண்டு போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. கொண்டாந்து கட்டில்ல போட்டோம். சாமியாரக் கூப்பிட்டோம்."

சவுரியப்பன் கையிலிருந்த தூக்கின் மூடியை மூடினார். அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை.

"சாமியாரு வந்து நெத்தியில எண்ணெய் வெச்சி அவஸ்தைப் பூசினாரு" என்றாள் அந்த அம்மாள், என்னைப் பார்த்து. "சாவறவங்களுக்குப் பண்றதுங்க அது. அதோடதான் நன்மையும் குடுத்து உத்தரியமும் போட்டாரு. சாவற புள்ளைக்கு வயசு பாக்கமாட்டாங்க."

நான் டிக்கெட் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"அப்பறம் மாதா புண்ணியத்துல கண்ணத் தொறந்துட்டா. எனக்கு ஏன் சாமியாரு வந்து குடுத்தாருன்னு கேட்டா. சாவப்போறன்னுதான் குடுத்தாருன்னு சொல்ல முடியுமாங்க? நீ ஜெபம் நல்லா சொல்ற, அதான் எல்லாரையும் வுட முன்னாடி உனக்குக் குடுத்தாருன்னு சொன்னோம். அத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரியறா. காலையில நீங்க கட்டிலு வரைக்கும் கேட்டுட்டீங்க. அவ வயச நெசம்னு காட்டணும்னா அவர் அத்தன பேரு முன்னாடி, அவளும் கேக்க, இதத்தான சொல்லணும்? அதான் பொய்யின்னு ஒத்துக்கிட்டாரு."

"ஒம்போதுதானா?" என்றார் சவுரியப்பன். குரல் அடங்கிப்போயிருந்தது.

"ஒம்போதுதாங்க. பொய் சொல்லி அரை டிக்கெட் வாங்கற நெலமையிலயா நாங்க வந்தோம்? திங்கக்கெழம வேலூர்ல சேக்கணும். இருதயத்த அறுத்து வைத்தியம் பண்றாங்களாம். பொழைக்கறது கடவுள் கையிலன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி ரயிலு காட்டிடலாம்னு கூட்டிக்கிட்டு வந்தோம்."

சவுரியப்பன் என் மேஜை டிராயரை இழுத்தார். பிள்ளையின் முழு டிக்கெட்டுக்கு வாங்கினதில் பாதியை எடுத்து நீட்டினார்.

"வேணாங்க" என்றாள் லூர்தம்மாள். "திருப்பிக் குடுத்தா ஏன் குடுத்தாங்கன்னு கேப்பா. அவ கேள்விக்கு பதில் சொல்லி முடியாது. கஞ்சிய மட்டும் குடுத்துடுங்க. அவகிட்ட புது நன்மை பேச்ச எடுக்காதீங்க. அது போதும்." தூக்கை வாங்கிக் கூடையில் வைத்தவள், போகிறபோது சொன்னாள், "அப்பா சொன்னத நம்பி, ஒம்போதுன்னதுதான் பொய்யின்னு நெனச்சிக்கிட்டா. காலையில இருந்து அவ அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசல. பொய்யின்னா அவளுக்கு அவ்வளவு ஆவாது. அவருக்குத்தான் மனசே சரியில்ல."

அவள் போன பிறகு சவுரியப்பன் என் அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார். "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் மாதம்மா குடுத்தாங்க. நான்தான் பக்கத்துல மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு நின்னன். அந்தப் புள்ள கட்டில்னு சொன்னப்பவாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சிருக்கணுந்தான்" என்றேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "வேத்து ஆளு, உனக்குத் தெரியாதுன்னு எனக்குப் பாடம் சொன்னீங்களே. தெரிஞ்ச நீங்க என்ன கிழிச்சீங்க?"

நான் அவரைத் திட்டினாலும் என் மனசும் குத்திக்கொண்டுதான் இருந்தது. காலையில் நான் அவர்கள் பக்கம் நின்றது வாஸ்தவம். ஆனால் பொய் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்த மனுஷன் அத்தனை முறை நிஜம் நிஜம் என்றாரே, ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

சவுரியப்பன் ரயில் ஓட்டுகிற சென்றாயனிடம் போய், அந்தப் பிள்ளை இறங்குகிற வரைக்கும் ரயிலை நிறுத்தாதே, டிக்கெட் கேட்காதே என்று சொல்லிவிட்டு வந்தார். விதிப்பலகைக்கு விரோதமாக அவர் செய்த முதல் காரியம் அதுதான். ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை அருவியைப் பார்த்துச் சிரித்தது, ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தது. அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் கிளம்பினார்கள். சவுரியப்பன் அவர்கள் வருவதைப் பார்த்ததும் மோட்டார் ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டார். போகட்டும், அவர் முகத்தில் இவர்களும் இவர்கள் முகத்தில் அவரும் விழிக்காமல் போவதே நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை நேரே என் ஜன்னலுக்கு வந்தது.

"மேனேஜர் சார் எங்கக்கா?"

"அவருக்கு வேல இருக்குது கண்ணு. எதுக்கு?"

"அவரப் பாக்காம போவக்கூடாது. கூப்புடுங்க."

என்ன செய்ய? கூப்பிட்டேன். சவுரியப்பன் கையில் எண்ணெய்த் துணியோடு வெளியே வந்து தூரத்திலேயே நின்றார். பிள்ளை கிட்டே வரச் சொல்லிக் கை காட்டியது. வந்தார்.

"சார், எங்கப்பா நேத்து உங்ககிட்ட பொய் சொன்னாரில்ல? ராத்திரி நான் அவருகிட்ட பேசிட்டன். பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லிடறன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா அது மட்டும் போதாது. யாருகிட்ட பொய் சொன்னமோ அவுங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கணும்னு ஞானோபதேசத்துல சிஸ்டர் சொல்லியிருக்காங்க." திரும்பி அப்பாவைப் பார்த்தது. "கேளுப்பா."

மதலைமுத்து முன்னால் வந்தார். "மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

சவுரியப்பன் எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். "அய்யோ, அதெல்லாம் வேணாங்க. கண்ணு, இங்க பாரு, உங்கப்பா ஒன்னும்..."

பிள்ளைக்குப் பின்னாலிருந்து லூர்தம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உங்கப்பா ஒன்றும் பொய் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். பின்னே ஏன் பொய் என்று ஒத்துக்கொண்டார் என்று கேட்கும். ஒன்பது வயதில் எனக்கு ஏன் நன்மை கொடுத்தார்கள் என்று கேட்கும். நாளைக்கு வேலூர் போகிற பிள்ளை.

"ஒன்னும் என்னா சார்?" என்றது பிள்ளை.

சவுரியப்பன் லூர்தம்மாளைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க சார்" என்றார் மதலைமுத்து. மெதுவாக, தேற்றுகிற மாதிரி சொன்னார். "மன்னிச்சிட்டன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. புள்ளைக்கு மனசு ஆறிடும். பஸ்சும் வந்துடும்."

"மன்னிச்சிட்டன்" என்றார் சவுரியப்பன். எத்தனையோ பேரை மிரட்டின அந்தத் தொண்டையிலிருந்து அது காற்றாகத்தான் வந்தது. சொல்லிவிட்டு எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

பிள்ளை அதைக் கவனிக்கவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது. நேற்றுக் காலையில் உதறிவிட்ட அப்பன் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டது. மூவரும் ரோட்டோரம் நின்றார்கள். பேசியது எனக்குக் கேட்டது.

"இனிமே பொய் சொல்லுவியாப்பா?"

"சொல்லமாட்டன் கண்ணு."

"என்கிட்டயும்?"

"உன்கிட்டயுந்தான்."

"அப்ப நெசமா சொல்லு. வேலூர்ல என்னை ஒன்னும் பண்ணமாட்டாங்க இல்ல?"

மதலைமுத்து குந்தி உட்கார்ந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டார். "ஒன்னும் பண்ணமாட்டாங்க" என்றார். "பாத்துட்டு அனுப்பிடுவாங்க."

அது நம்பிவிட்டது. பென்னாகரம் பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.